சாமி சொன்ன இரும்பு

ஒரே ஒரு சொல். அதுவும் ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் வாயில் ஒழுங்காக நுழையாத சொல். அதற்காக ஏரிக்கரைக் கோயில் சனம் இரண்டாகப் பிளந்து, ஒன்றரை வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லூர்தம்மாளுக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆவடியில் தொழிற்சாலை வந்த பிறகு அந்தக் கோயிலுக்கு இரண்டு வகை ஆட்கள் சேர்ந்தார்கள். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு வகை. பிறத்தியார் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள், வயலெல்லாம் மனைகளாகிப் போனதும் செங்கல் சூளைக்குப் போனார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் இன்னொரு வகை. இஸ்திரி போட்ட சட்டை, காலில் பூட்ஸ், பாட்டுப் புத்தகத்துக்கு அட்டை. பூசைக்கு வந்தால் இவர்கள் முன்னால் உட்காருவார்கள், சூளைக்காரர்கள் பின்னால் உட்காருவார்கள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே நடக்கிற அநியாயத்துக்குத்தான் ஆயுசு கெட்டி.

தெக்கத்தியாருக்குப் பெரிய தலை ராயப்பன். தொழிற்சாலையில் போர்மேன். ஆறடி ஆள். மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பான். குனிந்து அவன் செருப்பு மாட்டியதைக்கூடப் பார்த்தவர் இல்லை என்று சூளையில் பேசிக்கொள்வார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம், தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் பாதர் லூயிஜி முத்தாபுதுப்பேட்டைச் சாலை வழியாகச் சைக்கிள் மிதித்து வந்து பூசை வைத்தார். இத்தாலியிலிருந்து வந்து நாலு வருஷமான மனிதர். தங்கமான மனசு. தமிழ்தான் தகராறு. அன்றைக்கு அவர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது ஒற்றுமை.

"பிரியமான சகோதரரே! இரும்பைப் பாருங்கள். ஆண்டவர் ஏன் இரும்பைப் படைத்தார்? நாம் கற்றுக்கொள்ள!"

முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்களின் பிழைப்பைப் பலிபீடத்திலிருந்து ஒருவர் புகழ்ந்தால் கசக்குமா? ராயப்பன் பெரிதாகத் தலையாட்டினான்.

"இரும்பு தனியே வாழாது. ஓர் இரும்பு விழுந்தால் இன்னோர் இரும்பு ஓடி வரும். பெரிய பாரம் என்றால் பத்து இரும்பு சேர்ந்து தூக்கும்."

"வெல்டிங்கைச் சொல்லுதாரு" என்று ராயப்பன் பக்கத்து ஆளிடம் விளக்கியது பெண்கள் பக்கம் வரை கேட்டது.

"சர்க்கரை எங்கே இருந்தாலும் இரும்பு கண்டுபிடிக்கும். ஆனால் தானே தின்னாது. வீட்டுக்குக் கொண்டு போகும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "அய்ய, சாமி எறும்ப சொல்றார்டா! இரும்பு எங்கடா சர்க்கரைக்குப் போவும்?"

அது லூர்தம்மாளின் புருஷன் சின்னப்பையன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். கோயில் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. பாதருக்குப் பாவம், ஒன்றும் புரியவில்லை. பலிபீடப் படியில் உட்கார்ந்து இரண்டு விரலைத் தரையில் ஊரவிட்டு, "ஆமாம் ஆமாம், இரும்பு! சின்ன இரும்பு!" என்றார். அதோடு பூசையே நின்றுபோகும் போலிருந்தது. அன்றைக்குத் தாமதமாக வந்து பின்னால் லூர்தம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி முக்காட்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். ராயப்பன் பெண்டாட்டி ரோஸி. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ராயப்பன் சிரிக்கவில்லை. அரைமணி நேரமாக ஊர் பார்க்கத் தலையாட்டியவனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? திரும்பி, முதலில் கத்தியவன் யாரென்று பார்த்து வைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவர்களுக்கு இவர்கள் 'எறும்புக் கூட்டம்'. இவர்களுக்கு அவர்கள் 'இரும்புத்தலையனுங்க'. குழாயடியில் சண்டை, பாடுகிற இடத்தில் சண்டை, கொடியேற்றத்தில் கயிற்றை யார் பிடிப்பது என்று சண்டை. ஒற்றுமைக்குப் பிரசங்கம் வைக்கப் போய் இப்படி ஆயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். அந்தக் கோயிலுக்கும் பிள்ளையாருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் குரங்கு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

மறுவருஷம் தெக்கத்தியார் சங்கம் வைத்து ஒரு தூம்பா செய்தார்கள். தூம்பா என்றால் சவப்பெட்டியை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. கல்லறைத் தோட்டம் ஏரிக்கரை மேலேயே ஒன்றரை மைல் போக வேண்டும், தோள் கழன்றுவிடும். இவர்கள் செய்தது முழுக்க இரும்பு. நாலு சக்கரம், கறுப்புப் பெயிண்ட், தலைமாட்டில் பித்தளைச் சிலுவை. கோயிலுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பூட்டி, சாவியை ராயப்பன் இடுப்பில் செருகிக்கொண்டான். பெயிண்ட் அடித்த நாளெல்லாம் சின்னப்பையன் போய் நின்று வேடிக்கை பார்த்தான். வீட்டுக்கு வந்து, "செத்தா ஒரு தபா அதுல போவணும்டி லூர்து. இன்னா சோக்கா கீது!" என்றான்.

ஆடி மாதம் சூளைச் சுவர் சரிந்து அவன் மேல் விழுந்தது. எடுக்கும்போதே உயிர் இல்லை.

லூர்தம்மாள் அழுத முகத்தோடு நேரே குவார்ட்டர்ஸுக்குப் போனாள். கட்டினவன் கடைசியாக ஆசைப்பட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று. அதற்காக எதிரி வாசலில் நிற்க அவளுக்கு வெட்கமில்லை.

"அண்ணாத்தே, கொட்டாய் சாவி குடு. எம் புருஷன அதுல இட்டுகினு போவணும்."

ராயப்பன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வண்டி சங்கத்து ஆளுவளுக்குத்தாம்மா."

"நாங்களும் சேந்துக்கறோம்."

"செத்த பொறவு சேர முடியாது" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, ஒன்றரை வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை எடுத்துப் போட்டான். "எறும்புக்கு எதுக்கு ரதம்? பத்து எறும்பு சேந்து தூக்குங்க. சாமியே சொல்லியிருக்காருல்லா."

அவள் திரும்பி நடந்தாள். சூளை ஆட்கள் மூங்கில் கட்டித் தூக்கத் தயாரானபோது, பின்பக்கம் வேலிக்காத்தான் புதர் வழியாக ரோஸி வந்தாள். கையில் கறுப்புத் துணி, நடுவில் வெள்ளைச் சிலுவை. தூம்பாவுக்கென்று அவளே ராத்திரி பகலாகத் தைத்தது.

"இதையாவது போர்த்துங்கக்கா. அவருக்குத் தெரியாம எடுத்தாந்தேன்."

"உம் புருஷன் சாவி குடுக்க மாட்டான், நீ துணி குடுப்பியா? எட்த்துகினு போ! எங்கூட்டு வாசல மிதிக்காத!"

ரோஸி அழவுமில்லை, திரும்ப எடுத்துக்கொண்டு போகவுமில்லை. துணியை மடித்தபடியே வேலி மேல் வைத்துவிட்டுப் போனாள். லூர்தம்மாள் அதைப் பிறகு எடுத்துத் தகரப் பெட்டியின் அடியில் போட்டாள். தொட்டுப் பார்க்கவும் மனமில்லை, தூக்கி எறியவும் மனமில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவள் வீட்டுக்குப் போகவில்லை. மதகடியில் இறங்கி இரண்டு கை நிறைய ஈரமண்ணை வாரிக்கொண்டு கொட்டகை முன்னால் நின்றாள். கதவில் மண்ணை வாரித் தூற்றினாள்.

"ராயப்பா! இந்த வண்டில ஏர்ற மொத பொணம் உன் ஊட்டுப் பொணமா இருக்கட்டும்! அதுவும் நட்ட நடு சேத்துல நிக்கட்டும்!"

கூட வந்த அவளுடைய ஆட்களே ஓரடி பின்வாங்கினார்கள். வயிறெரிந்து தூற்றிய மண் சும்மா போகாது என்று நம்புகிற ஊர் அது. ஞானஸ்நானம் அந்த நம்பிக்கையை மட்டும் கழுவவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த பாதர் முதலில் ராயப்பனைப் பிடித்துக் கத்தினார். வண்டி சங்கத்துச் சொத்து என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் லூர்தம்மாளிடம் வந்து, சாபம் போட்டது பாவம், பாவசங்கீர்த்தனம் செய் என்றார். "மொத அவன் பண்ணட்டும் சாமி. அப்பறம் நான் வரேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. சூளை நின்று, வேலை நின்று, லூர்தம்மாள் குடிசைக்குள் புகுந்த தண்ணீரைச் சட்டியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் பால்ராஜ் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணி, உன் வாக்கு பலிச்சுட்ச்சு! ராயப்பன் ஊட்ல சாவு. தூம்பால ஏர்ற மொத பொணம்!"

"யாரு?"

"அவன் பொண்டாட்டிதான். ரோஸி. காமாலை முத்திப் போச்சாம்."

ஒரு நொடி அவள் மனம் குளிர்ந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நொடி குளிரத்தான் செய்தது. அடுத்த நொடி தகரப் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டி நழுவியது.

"ராயப்பன் ஊட்டு சாவுதானே அண்ணி நீ கேட்டே?" என்றான் பால்ராஜ்.

"போடா வெளிய" என்றாள்.

அவன் போன பிறகு வாசலுக்கு வந்தாள். நிலைப்படியில் முட்டி நின்ற தண்ணீரில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவப்பாக ஏதோ மிதந்து வந்தது. புளி உருண்டையோ என்று குனிந்தாள். செவ்வெறும்பு. புற்று முழுகிப்போய் நூற்றுக்கணக்கில் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு உருண்டையாக மிதந்தன. துடைப்பத்தால் தள்ளினாள். சிதறவில்லை. உருண்டை மெல்லப் புரண்டது. தண்ணீருக்கு அடியில் மூச்சு முட்டியவை மேலே வந்தன, மேலே இருந்தவை அடியில் போயின. எதுவும் மேலேயே இருக்கவில்லை, எதுவும் அடியிலேயே சாகவில்லை. கட்டின மனுஷன் இருந்திருந்தால் இதைக் கையில் ஏந்திக்கொண்டு, 'சாமி, உன் இரும்பு வந்துகீது' என்று பாதரிடம் ஓடியிருப்பான். பார்த்துக்கொண்டே நின்றதில் ஏழெட்டு எறும்பு துடைப்பம் வழியாக ஏறிச் சுருக்கென்று கடித்தது. அவள் சனியனே என்று உதறினாள். கண்ணில் நீர் வந்தது கடியால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் கரை மேல் கூச்சல் கேட்டது.

அவள் குடிசை ஏரிக்கரைக்கு நேர் கீழே. ஏறிப் பார்த்தாள். தூம்பா அச்சு வரை களிமண்ணில் புதைந்து நின்றது. நட்ட நடு சேறு. அவள் சொன்னது சொன்னபடி. ராயப்பனும் இன்னும் ஆறு பேரும் தள்ளத் தள்ள அது இன்னும் ஆழமாக இறங்கியது. பெட்டியை மட்டும் தோளில் தூக்கிப் பார்த்தார்கள். பூட்ஸ் வழுக்கி ஒருவன் விழ, பெட்டி ஏரிப் பக்கம் சரிந்தது. அலறிக்கொண்டு திரும்ப வண்டியிலேயே வைத்தார்கள். குழி வெட்டுகிறவன் ஓடி வந்து, குழியில் தண்ணீர் ஊறுகிறது, இன்னும் அரைமணி போனால் குழியோரம் இடிந்து மூடிவிடும் என்றான்.

சூளைக்காரர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கத்தினான். "தள்ளு ராயப்பா! இரும்ப இரும்பு தூக்கும்! சாமியே சொல்லிகிறாரு!"

சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. பாதர் லூயிஜி முழங்கால் வரை சேற்றோடு அவர்கள் முன்னால் வந்து கைகூப்பினார். யாரும் அசையவில்லை. பால்ராஜ்தான் சொன்னான். "எங்க அண்ணி சொல்லட்டும் சாமி. இது அவங்க பட்ட அவமானம்."

எல்லாத் தலையும் லூர்தம்மாள் பக்கம் திரும்பியது. அவள் கரையிறங்கிக் குடிசைக்குள் போனாள். தெக்கத்தியாரில் ஒரு பெண் ஓவென்று அழுதாள். உள்ளே தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவள் புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தாள். நேரே சேற்றில் இறங்கினாள். ராயப்பன் அவளைப் பார்த்ததும் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். நாலு நாள் சவரம் செய்யாத முகம்.

"வந்துட்டியா? தூத்து. இன்னும் மண்ணு இருக்குல்லா, வாரித் தூத்திட்டுப் போ."

"நகரு."

அவன் நகரவில்லை. அவள் அவன் தோளில் கையை வைத்துத் தள்ளிவிட்டு, கறுப்புத் துணியை விரித்துப் பெட்டி மேல் போர்த்தினாள். வெள்ளைச் சிலுவை நடுவில் வருகிறமாதிரி இழுத்துவிட்டாள். அது யார் தைத்த துணி என்று ராயப்பனுக்குத் தெரியாமலா இருக்கும்? எங்கே போயிற்று என்று பெண்டாட்டியை நாலு மாதமாகத் திட்டியவன் ஆயிற்றே. சிலுவையின் தையலை விரலால் தடவினான்.

"பால்ராஜு, நாலு பேர இட்டுகினு வா. யோவ், நீங்கல்லாம் பூட்ஸ கழட்டுங்க. களிமண்ணுல நின்னா மாட்டிப்பீங்க. நிக்காம போவணும், சின்ன சின்ன அடியா, கட்ட வெரல ஊனிகினு. முன்னால போறவன் வெச்ச அடில கால வெக்காதீங்க."

சுடாத பச்சைச் செங்கல்லைத் தலையில் சுமந்து பத்து வருஷம் சேற்றில் நடந்தவளுக்கு அது தெரியும். தொழிற்சாலையில் சொல்லித்தரமாட்டார்கள். சூளைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவன் காறித் துப்பிவிட்டுத்தான் பெட்டியைத் தொட்டான். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் ஒரு பக்கம் லூர்தம்மாள். எதிர்ப்பக்கத்துக்குப் பால்ராஜ் வந்தான்.

"என் பொண்டாட்டி" என்று ராயப்பன் அவனை விலக்கினான். "நான் தூக்குதேன்."

தூக்கினார்கள். ஆறடி ஆள் ஒரு பக்கம், அவன் மார்புக்கு வருகிறவள் மறு பக்கம். பெட்டி ஒரேயடியாக அவள் பக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ நகர்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"குனி" என்றாள்.

"என்னது?"

"குனி ராயப்பா. உன் ஒசரத்துக்கு நான் வளர முடியாது. அவ என் மேல சாயறா பாரு."

அவன் குனிந்தான்.

"இன்னும்."

முழங்காலை மடக்கிக் குனிந்தான்.

"இன்னும் குனி."

அந்த மூன்றாவது தேவையே இல்லை. பெட்டி இரண்டாவதிலேயே மட்டமாகிவிட்டது. லூர்தம்மாளுக்கு அது தெரியும், இருந்தும் சொன்னாள். அவன் அதற்கும் குனிந்தான். பால்ராஜ் குரல் கொடுக்க, பன்னிரண்டு கால்கள் ஒரே தாளத்தில் சேற்றை மிதித்தன. மோவாய் மார்பில் இடிக்க, அந்த ஆறடி ஆள் ஒன்றரை மைலில் பாக்கியிருந்த ஒரு மைலையும் குனிந்தபடியே நடந்தான். மற்ற தெக்கத்தியார் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

பாதருக்கு மனம் தாங்கவில்லை. பக்கத்தில் வந்து, "பாருங்கள், என் பிள்ளைகளே, இரும்பு" என்று ஆரம்பித்தார்.

"சும்மா வா சாமி" என்றாள் லூர்தம்மாள். "எறும்பு கடிக்கவும் கடிக்கும்."

அவர் ஜெபமாலையை உருட்டினார்.

குழியில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். ஏழெட்டுப் பேர் இறங்கி, அவன் இவன் என்று பாராமல் மொண்டு ஊற்றினார்கள். பாதர் தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்ததும் பெட்டியை இறக்கியானது. முதல் மூன்று பிடி மண் ராயப்பன் போட்டான். போட்டுவிட்டு முதுகை நிமிர்த்தப் பார்த்தான், முடியவில்லை. அப்படியே கூனலாக நின்றபடி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வச்சுக்க."

"வண்டி சேத்துல கீது. வெறும் கொட்டாய்க்குப் பூட்டு இன்னாத்துக்கு?" என்றாள். "எம் புருஷன் கேட்டது அன்னிக்கி. இன்னிக்கி இல்ல."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவள் அதை வாங்கவில்லை. பிறகும் வாங்கவில்லை.

அவள் முறை வந்தது. குனிந்து மண்ணை அள்ளினாள். அதே ஏரி மண். அதே ஈரம், அதே கனம். கையை ஓங்கினாள். கை திறக்கவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் மழையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால்ராஜ், "போடு அண்ணி" என்றான். அவள் அந்த ஈர மேட்டில் மண்டியிட்டு, பிறகு வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, எட்டுகிற மட்டும் குழிக்குள் கையை விட்டாள். சத்தம் கேட்காமல், தூங்குகிற பிள்ளை மேல் போர்வையை வைக்கிறமாதிரி, அந்தப் பிடி மண்ணைக் கறுப்புத் துணி மேல் வைத்தாள்.

"நான் உன்ன சொல்லலடி ரோஸி" என்றாள். "உன்ன சொல்லலடி."